எண் நாற்பத்தேழு

புயலுக்குப் பெயர் இருந்தது,
டிவியில் மணிக்கொரு தரம் சொன்னார்கள்.
எங்கள் குடில்களுக்கும் பெயர் உண்டு:
நத்தை, மூணு கல், இடி.
பிள்ளைகள் வைத்தவை.
இடி மட்டும்தான் நிற்கிறது.

கவுஞ்சிக்கு மேலே, பூண்டு வயல் முடிந்து
சோலை தொடங்கும் சரிவில்
சுவரில்லாத பள்ளிக்கூடம் எங்களுடையது.
"செவுரே இல்லையே டீச்சர், அப்புறம் எப்படி விழுந்துச்சு?"
என்று கேட்டான் ரெக்ஸ்.
பதினோரு நாள் கரண்ட் இல்லாத ஊரில்
முதல்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

நத்தையின் முதுகில்
ஒரு தைலமரம் படுத்திருந்தது.
விழுந்தும் மூன்று நாள் மணந்தது.
வேரோடு பெயர்ந்து நின்ற மண்
என்னைவிட உயரம்.
அறுத்தால் எட்டுக் கால் தேறும் என்று
சவரிராஜ் சாண் போட்டுக்கொண்டிருந்தபோது
வனக்காப்பாளர் வந்தார்.
அடிமரத்தில் சிவப்புப் பெயின்டால்
47 என்று எழுதினார்.
தொடக்கூடாது, ஏலத்துக்குப் போகும் என்றார்.
குரலில் அதட்டல் இல்லை.
அவர் வீட்டுக் கூரையிலும்
இரண்டு நாளாக வானம் தெரிகிறதாம்.

எங்கள் கூரையை உடைத்த மரம்
எங்கள் கூரைக்குக் காலாக முடியாது.
ஏழாம் வகுப்புக்கு இதை விளக்க
அரை நாள் போனது.
எனக்கே விளங்கவில்லை, அது வேறு.

தகரம் தேடிப் போனோம்.
பதினாறில் ஒன்பது கண்ணில் பட்டன.
மரத்தடியில் நசுங்கி இரண்டு.
ஓடையில் இரண்டு, வளைந்து,
தண்ணீரை உளற வைத்துக்கொண்டு.
ஒன்று சோலைக்குள், நாவல் கிளையில், தொட்டில் மாதிரி.
எட்டவில்லை. இப்போதும் அங்கேதான்.
நான்கு, குப்பாண்டியின் தோட்டத்தில்,
பூண்டுக் குவியலுக்கு மேலே
கல் வைத்து.

"காத்து கொண்டாந்து போட்டுச்சு, நானா கேட்டேன்?"
விதைப்பூண்டு அது.
இன்னொரு மழை நனைத்தால் அடுத்த போகம் இல்லை.
தங்கமீனா என்னைப் பார்த்தாள்.
நான் பூண்டைப் பார்த்தேன்.
"காயுற வரைக்கும் வச்சுக்கங்க" என்று சொன்னது யார்
என்பதில்தான் இன்றுவரை தகராறு.

இடி ஏன் விழவில்லை?
ஆணி போதாமல் கயிற்றால் கட்டியது,
ஆடிக் கொடுத்திருக்கும் என்றார் சவரிராஜ்.
இல்லை, அது பயந்து குனிந்துகொண்டது என்றாள் அக்ஷிதா.
இரண்டையும் பலகையில் எழுதினேன்,
எது சரி என்று குறி போடாமல்.

மூணு கல்லை ஒரு முழம் தாழ்த்திக் கட்டினோம்.
வத்தலகுண்டிலிருந்து லாரியில் ஏறிவந்த சவுக்குக் கம்பு,
காலுக்கு இரண்டடிக் குழி,
இண்டு இடுக்கெல்லாம் கருங்கல் சில்லு.
பழைய ஆணி பொறுக்கி நிமிர்த்துவது ஆறாம் வகுப்பு.
நேரானவை நானூற்றுப் பன்னிரண்டு.
நசுங்கிய கட்டைவிரல் இரண்டு,
ஒன்று என்னுடையது.
கயிற்றை இறுக்கியதும் சவரிராஜ்
ஒவ்வொரு காலையும் தோளால் முட்டிப் பார்த்தார்,
கட்டுத்தறி மாடு போல.
பிள்ளைகளும் முட்டினார்கள்.
நான், யாரும் பார்க்காதபோது.

நத்தையைக் கட்டவில்லை.
லாரி வரவேண்டிய பாதையே சரிந்து போனதில்
ஏலம் தள்ளித் தள்ளிப் போகிறது.
அடிமரத்தில் இருபத்தாறு பேர்
வரிசையாக உட்காரலாம்.
அளந்தாயிற்று.
வேர் பெயர்ந்த குழியில் தண்ணீர் நின்று
அதில் தவளை முட்டை.
பதிவேட்டில் 'வகுப்பு நடந்த இடம்' என்ற கட்டத்தில்
நாற்பத்தேழு என்று எழுதுகிறேன்.
தொடக்கூடாது என்றார்கள்,
உட்காரக்கூடாது என்று சொல்லவில்லை.

தை பிறந்து குப்பாண்டி வந்தார்.
மூன்று தகரம், ஒரு பை பூண்டு.
நான்காவதைப் பற்றி அவரும் பேசவில்லை.

அதனால் மூணு கல்லில்
வடக்கு மூலை ஒழுகும்.
மழை பிடித்தால்
யார் அங்கே உட்காருவது என்று
தினம் சண்டை.